வேறு கூட்டம் என்றுதான் சொன்னேன்

1

என் சின்ன மகள் தாரணி கடைசியாக ஒரு வார்த்தை பேசி இன்றோடு நான்கு வருடம் ஆகிறது. அந்த வார்த்தை "போலாம்". மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் தன் சிவப்புச் செருப்பை எடுத்துக்கொண்டு வந்து கதவருகில் நின்று அதைச் சொன்னாள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. "மழை உடட்டும் கண்ணு, அப்பறம் போலாம்" என்றேன். மழை விட்டபோது அவள் தூங்கிப் போயிருந்தாள். அதன் பிறகு அவள் வாயிலிருந்து சத்தம் வந்திருக்கிறது, சில நாள் சிரிப்பும் வந்திருக்கிறது. வார்த்தை வரவில்லை. அதுதான் கடைசி என்று தெரிந்திருந்தால் மழையிலேயே கூட்டிப் போயிருப்பேன்.

எனக்குச் சொந்த ஊர் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கோயம்புத்தூர் ஓட்டல்களில் தோசைக்கல் முன்னால் நின்றவன், ஒரு முதலாளி மூலமாக லண்டனுக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. இங்கேயும் தோசைக்கல்தான். கல் கொஞ்சம் பெரியது.

நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. ஒரே ஒரு முறை, பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் இருந்துவிட்டு, பேசக் கூடாத நேரத்தில் பேசினேன். அதைத்தான் ஊரில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

2

தாரணி இங்கே பிறந்தவள். மூன்று வயதில் இருபது வரை எண்ணினாள். தமிழில் எண்ணி முடித்ததும் ஆங்கிலத்தில் திரும்ப எண்ணுவாள். நான் வேலையிலிருந்து வந்தால் சட்டையை மோந்து பார்த்து, "அப்பா தோசை" என்று சொல்லி ஓடுவாள்.

நாலரை வயதில் பேச்சு மெதுவானது. ஒரு இடத்தில் உட்கார மாட்டாள். தூக்கம் குறைந்தது. பள்ளியில் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்றால் பிள்ளை குழம்பத்தான் செய்யும், வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள் என்றார்கள். படித்தவர்கள் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டோம். என் மனைவி கலாமணிக்குத் தெரிந்த ஆங்கிலம் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான். அதை வைத்துக்கொண்டு, "கம் கண்ணு, ஈட் கண்ணு, சிட் கண்ணு" என்று பிள்ளையோடு பேசினாள். கண்ணு என்ற ஒன்றை மட்டும் அவளால் விட முடியவில்லை.

ஒரு வருடம் தமிழை மூடி வைத்தோம். ஒன்றிரண்டு வார்த்தை தவிர தமிழ் போனது. பின்னாலேயே ஆங்கிலமும் போனது. அதற்குப் பிறகுதான் கோளாறு மொழியில் இல்லை என்று எங்களுக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரியில் காத்திருந்த காலத்தில் எத்தனையோ படிவங்கள் வந்தன. பிள்ளை எத்தனை வார்த்தை பேசுவாள், சட்டைப் பொத்தான் போடுவாளா, படி ஏறுவாளா என்றெல்லாம் கேட்டிருப்பார்கள். மூத்தவள் சுருதி அப்போது சின்னப்பெண். அவள்தான் படித்துச் சொல்லி நிரப்புவாள். போன மாதம் "ஆமாம்" என்று போட்ட இடத்தில் இந்த மாதம் "இல்லை" என்று போடும்போது, தங்கச்சிக்கு மார்க் குறைவதுபோல அழுவாள்.

நான் என்ன செய்தேன் என்பதையும் எழுத வேண்டும். ஒரு நாள் பள்ளிக்கு நேரமாகிவிட்டது. தாரணி கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். "நேத்துப் போட்டீல்ல? இன்னைக்கு எங்க போச்சு?" என்று கையில் அடித்தேன். அவள் அழவில்லை. கையைப் பார்த்தாள், பொத்தானைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எங்கே போனது என்று அவளும் தேடியிருக்கிறாள். எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது.

3

முதல் தடவை பெரிய டாக்டரைப் பார்த்தபோது, மொழிபெயர்க்க ஒரு அம்மா போனில் வந்தார். "ஐயா, நீங்களும் உங்கள் மனைவியும் கல்யாணத்துக்கு முன்பே இரத்த உறவா என்று கேட்கிறார்கள்" என்றார்.

"இல்லைங்க. அவங்க வேற கூட்டம்" என்றேன்.

கலாமணியும் தலையை ஆட்டினாள். டாக்டர் எழுதிக்கொண்டார்.

நாங்கள் பொய் சொல்லவில்லை. எங்கள் சனத்தில் கூட்டம் என்பது அப்பன் வழியில் வருவது. ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள், முன்பின் பார்த்தே இராவிட்டாலும் அண்ணன் தங்கைதான், கட்டிக்கொள்ள முடியாது. அம்மா பிறந்த வீடு வேறு கூட்டம். அது மாமன் மச்சான் வீடு, பெண் எடுக்கிற வீடு. கலாமணி காரமடையில் இருக்கும் என் தாய்மாமன் மகள். அவள் பிறந்த அன்றே எனக்கென்று பேசி வைத்தார்கள். அவளோடு எனக்கு ரத்த உறவு என்று யாராவது சொல்லியிருந்தால், கெட்ட வார்த்தை கேட்டதுபோல நாங்கள் இரண்டு பேரும் கூசிப் போயிருப்போம்.

தாரணிக்கு ஏழு வயது முடியும்போது ஒரு நர்ஸ் அம்மா எங்களை உட்கார வைத்து, பெரிய தாளில் படம் போட்டார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு ஒரு கோடு. என் அப்பா வழியைக் கேட்டார், மளமளவென்று சொன்னேன். பிறகு, "உன் அம்மா எங்கே பிறந்தவர்?" என்றார். காரமடை. "உன் மனைவியின் அப்பா?" காரமடை. அவர் என் அம்மாவின் அண்ணன்.

பென்சில் நின்றது. எனக்கும் கலாமணிக்கும் நடுவில் போட்டிருந்த கோட்டின் மேல் அவர் இன்னொரு கோடு போட்டார். நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு போடுவார்களாம். இரண்டு பேரும் மேலே போய் ஒரே கட்டத்திலும் ஒரே வட்டத்திலும் சேர்ந்தோம், என் அம்மாவைப் பெற்றவர்களிடத்தில்.

அதற்குப் பிறகு ஒரு குறிப்பிட்ட நோயைத் தேடி ரத்தம் எடுத்தார்கள். பதில் வந்தது. பெயர் நீளம். டாக்டர் அதைச் சுருக்கி, குழந்தைகளுக்கு வரும் டிமென்ஷியா என்றார். வயதானவர்களுக்கு வரும் நினைவு தப்பும் நோய் என்றுதான் நான் அதைக் கேள்விப்பட்டிருந்தேன். பால்பல் விழுகிற வயதிலும் அது வரும். ஒன்றல்ல, பல நோய்கள் அப்படி இருக்கின்றனவாம். ஒவ்வொன்றும் அபூர்வம்.

நர்ஸ் அம்மா சொன்னதை என் சமையல்கட்டை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். உடம்பின் ஒவ்வொரு துளிக்குள்ளும் பாத்திரம் கழுவும் இடம் மாதிரி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு அழுக்குக்கும் ஒவ்வொரு ஆள். தாரணிக்கு ஒரு ஆள் பிறவியிலேயே இல்லை. அவன் கழுவ வேண்டிய பாத்திரம் கழுவாமல் சேர்ந்துகொண்டே போகிறது. முதல் நாள் தெரியாது, முதல் வருடமும் தெரியாது. மூளையில் சேரச் சேர, கற்றது ஒவ்வொன்றாகக் கழன்றுபோகிறது. பேச்சு, நடை, கடைசியில் விழுங்குவதுகூட.

அந்த ஆளைச் செய்வதற்கான செய்முறைச் சீட்டு எல்லோருக்கும் இரண்டு உண்டு. அப்பா தந்தது ஒன்று, அம்மா தந்தது ஒன்று. ஒன்று கெட்டிருந்தாலும் மற்றதை வைத்து வேலை நடக்கும், உடம்புக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு ஒரு சீட்டு கெட்டது, கலாமணிக்கும் அதே சீட்டு கெட்டது. காரமடை வீட்டிலிருந்து அவளுக்கு அவள் அப்பா வழியாக வந்தது, எனக்கு என் அம்மா வழியாக வந்தது. இரண்டு கெட்ட சீட்டும் ஒரே பிள்ளைக்குப் போக, ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. சுருதி தப்பினாள். தாரணி மாட்டினாள்.

சொந்தம் இல்லாதவர்களுக்கும் இது நேரும், சொந்தத்தில் கட்டிய பலருக்கு ஒன்றுமே நேராது என்றும் நர்ஸ் சொன்னார். யார் மேலும் குற்றமில்லை என்றார். முதலிலேயே நான் சரியாகச் சொல்லியிருந்தாலும் நோயைத் தீர்த்திருக்க முடியாது. ஆனால் நடுவில் போன அந்த வருடங்களில் நான் அவளை அடித்திருக்க மாட்டேன்.

4

ஊரில் எல்லோரிடமும் மூளைக்காய்ச்சல் என்று சொன்னோம்.

கலாமணிதான் சொல்லச் சொன்னாள். "பரம்பரை நோயின்னு தெரிஞ்சா சுருதிய யாருங்க கட்டுவாங்க? காச்சல்னா வந்துச்சு, போச்சும்பாங்க. இதச் சொன்னா எங்க பொறந்தவன் ஊட்டுக்கும் கெட்ட பேருங்க" என்றாள். எனக்கு அது சௌகரியமாக இருந்தது. ஒரே வார்த்தையில் பேச்சு முடிந்துவிடும். போட்டோ கேட்டால் பழைய போட்டோவை அனுப்பினோம். ஊருக்குப் போனால் நான் மட்டும் போய் வந்தேன்.

போன ஆனி மாதம் என் தம்பி தங்கராசு போன் செய்தான். அவன் கோயம்புத்தூர் கணபதியில் கிரைண்டருக்குப் பாகம் செய்கிற லேத் பட்டறை வைத்திருக்கிறான். குரலிலேயே சிரிப்பு.

"அண்ணா, நம்ம திவ்யாவ மச்சானூட்டுக்கே குடுத்தறலாம்னு பேசி முடிச்சாச்சு. ஆவணியில உப்புச் சக்கரை மாத்தி உறுதி பண்றோம். பெரியப்பன் நீங்க இல்லாம ஆகாது, வந்தறோணும்."

மச்சான் என்றால் கலாமணியின் அண்ணன் சிவராஜ். காரமடையில் கறிவேப்பிலைத் தோட்டம் போட்டிருக்கிறார். அவர் மகன் கார்த்தி. என் தம்பிக்கும் அதே அம்மாதான். சிவராஜுக்கும் அதே அப்பாதான். போனைக் கையில் வைத்துக்கொண்டே அந்தப் படத்தை மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். இன்னொரு இரட்டைக் கோடு.

"சந்தோசம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பக்கத்தில் இருந்த சுருதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். எங்களோடு பேசுவது குறைந்துவிட்டது. பேசினால் பாதி ஆங்கிலம்.

"அப்பா, சந்தோசம்னா சொன்னீங்க?"

"நேர்ல போயி சொல்லிக்கறேன்."

"நீங்க சொல்ல மாட்டீங்க. ஆர்டர் தப்பா வந்தாக்கூட வெயிட்டர்கிட்டச் சொல்லாம சாப்பிட்டுட்டு வர்றவர் நீங்க. திவ்யாக்கு இன்னொரு தாரணி பொறந்தா, பெரியப்பாக்குக் கூச்சம்னு அந்தப் பாப்பாகிட்டச் சொல்லவா?"

கலாமணி சமையலறையிலிருந்து, "வாய மூடு அம்மணி, உனக்கோசரந்தான் எல்லாம்" என்றாள்.

"எனக்கோசரம் வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டு சுருதி தங்கையின் அறைக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, தாரணியின் ரத்தப் பரிசோதனைத் தாளை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என் பெட்டிக்குள் வைத்தாள்.

5

உப்புச் சக்கரைக்கு மூன்று நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்தேன். மூன்று நாளும் கவர் பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஒரு தடவை தம்பியைத் தேடிப் பட்டறைக்குள் போனேன். லேத் ஓடிக்கொண்டிருந்தது. "என்னுங்கண்ணா?" என்று கத்தினான். "ஒண்ணுமில்ல, டீ குடிக்கலாமான்னு" என்றேன். டீ குடித்தோம். மண்டபம், சமையல்காரர், பத்திரிகை என்று அவன் பேசப் பேச நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

உப்புச் சக்கரை அன்று காலை தம்பி வீட்டு மாடியில் ஜமக்காளம் விரித்து இரண்டு வீட்டாரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். எங்கள் பக்கம், உப்பையும் சர்க்கரையையும் இரு வீட்டுப் பெரியவர்களும் கைமாற்றிக்கொண்டால் கல்யாணம் உறுதியானது. அதற்குப் பிறகு பேச்சு மாறக் கூடாது. அப்பா இல்லாததால் பெண் வீட்டுப் பெரியவன் நான். சிவராஜ் மச்சான் தட்டை என் முன்னால் நீட்டினார். கல்லுப்பு ஒரு பொட்டலம், நாட்டுச்சர்க்கரை ஒரு பொட்டலம், வெற்றிலை பாக்கு.

"வாங்கிக்குங்க மாப்ள."

என் கை மடியிலேயே இருந்தது.

பின்னாலிருந்து யாரோ, "லண்டன்ல உப்பே சேத்தறதில்லையாட்ட இருக்குது, பாத்ததும் பயந்துபோட்டாரு" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்துக்கொண்டே தட்டை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவந்தார். சர்க்கரை வாசம் வந்தது.

"மச்சான், தாரணிக்கு வந்தது காச்சல் இல்லைங்க" என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன், அவர் மட்டும்தான் கேட்டிருப்பார் என்று நினைத்தேன். ஆனால் சிரிப்பு நின்றுவிட்டது.

தங்கராசு என் தோளைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிப் போனான். மச்சானும் கார்த்தியும் வந்தார்கள். வாசற்படியில் பட்டுப்புடவையோடு திவ்யா வந்து நின்றாள். அவளையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். நான் பெட்டியிலிருந்து கவரை எடுத்துப் பிரித்தேன். எனக்குத் தெரிந்தவரை சொன்னேன்.

"இத்தன வருசமா என்ற கிட்டயே காச்சல்னு சொன்னீங்களேண்ணா" என்றான் தம்பி. அவன் குரல் உடைந்தது. "மூணு நாளா என்ற ஊட்டுச் சோத்தத் தின்னுட்டு இருந்தீங்க. நேத்துச் சொல்லப்படாதா? அத்தன சனத்துக்கு முன்னால என்ற பொண்ண நிக்க வெச்சுப்போட்டீங்களே."

தாளை அவன் பக்கம் நகர்த்தினேன்.

மச்சான், "அதெப்படி மாப்ள? நீங்க வேற கூட்டம், நாங்க வேற கூட்டம். ரத்தம் எங்கிருந்து ஒண்ணாகும்?" என்றார்.

"அதையேதானுங்க மச்சான் நானும் டாக்டர்கிட்டச் சொன்னேன்."

சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் படம் போட்டேன். கட்டம், வட்டம். என் அம்மாவையும் மச்சானின் அப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். "இவங்க ரெண்டு பேரும் ஒரு வயித்துல பொறந்தவங்க இல்லீங்களா? நாம கூட்டம் பாக்கறப்ப பொம்பளைங்கள உட்டுப்போட்டுப் பாக்கறமுங்க. ரத்தம் அவங்கள உடறதில்லைங்க." என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான்.

மச்சான் தாளை வாங்கிப் பார்த்தார். போனை எடுத்துத் தங்கைக்கு வீடியோ கால் போட்டார். அங்கே விடிந்திருந்தது.

"அம்மணி, உன்ற ஊட்டுக்காரர் சொல்றது நெசமா?"

கலாமணி மறுத்துவிட்டால் என் பேச்சு அத்தோடு போய்விடும் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"நெசந்தானுங்கண்ணா" என்றாள். "நாந்தான் சொல்ல வேண்டாம்னேன். பாருங்க."

போனைத் திருப்பினாள். தாரணி சாய்வு நாற்காலியில் இருந்தாள். வயிற்றில் குழாய் வழியாகக் கஞ்சி ஏறிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வயதுப் பெண், கண் எங்கேயோ பார்த்தபடி. பழைய போட்டோவில் சிவப்புச் செருப்போடு நிற்கிற பிள்ளையைத்தான் அவர்கள் எல்லோரும் மனதில் வைத்திருந்தார்கள். என் தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

திவ்யாதான் முதலில் பேசினாள். "பெரியப்பா, இது இருக்குதா இல்லையான்னு எனக்கும் இவருக்கும் ரத்தத்துல பாத்தாத் தெரிஞ்சுருமுங்களா?"

"தெரியும் கண்ணு. இந்தத் தாளக் குடுத்தாப் போதும், எதத் தேடறதுன்னு அவங்களுக்குத் தெரியும்."

"ஒருத்தருக்கு மட்டும் இருந்தா?"

"இந்த நோயி பிள்ளைக்கு வராது."

கார்த்தி அவளைப் பார்த்து, "ஊசிக்குப் பயமில்லையே?" என்றான். "உங்களுக்குத்தான் பயம்" என்றாள் அவள்.

மச்சான் வெளியே போய், தட்டின் மேல் தன் துண்டைப் போட்டு மூடினார். "சாப்பாடு ஆறுது, எல்லாரும் சாப்புடுங்க. மத்தது அப்பறம் பேசிக்கலாம்" என்றார். சனம் சாப்பிட்டுவிட்டு இறங்கிப் போனது. அந்த வாரத்துக்குள், பெண்ணுக்கு ஏதோ குறையாம் என்ற பேச்சு கணபதியிலிருந்து காரமடை வரை போய்விட்டது. நான் கிளம்பும்வரை தம்பி என்னோடு பேசவில்லை. விமான நிலையத்துக்குத் திவ்யா மட்டும் வந்தாள்.

6

கோயம்புத்தூரில் ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பியிருந்தார்கள். பதில் வரச் சில வாரம் ஆனது. நான் தோசைக்கல்லின் முன்னால் நிற்கும்போதெல்லாம் போனை மாவுக் கையோடு எடுத்து எடுத்துப் பார்ப்பேன்.

ஐப்பசியில் திவ்யாவின் செய்தி வந்தது. தங்கராசுக்குக் கெட்ட சீட்டு ஒன்று இருக்கிறது. கார்த்திக்கு இருக்கிறது. திவ்யாவுக்கு இல்லை. இந்த ஒரு நோயைப் பற்றி மட்டும்தான் இப்படிச் சொல்ல முடியும் என்று டாக்டர் எச்சரித்தாராம். இருந்தாலும் அவர்கள் இரண்டு பேரும் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டார்கள். சுருதிக்கும் பார்த்தோம். அவளுக்கு ஒரு சீட்டு கெட்டது இருக்கிறது. "கேக்கறவங்ககிட்டச் சொல்லுவேன், ஓடறவன் ஓடட்டும்" என்றாள். அடுத்த நாள் கலாமணி தாரணியின் இப்போதைய போட்டோ ஒன்றை எடுத்து, தன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பினாள்.

தை மாதம் உப்புச் சக்கரை மறுபடி நடந்தது. நான் போகவில்லை. லீவு இல்லை என்று சொன்னேன். தம்பி வரச் சொல்லவும் இல்லை. கல்யாணம் வைகாசியில்.

போன வாரம் அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் அன்றைய சர்க்கரையில் கொஞ்சம் பங்கு கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். இத்தனை வருடமாக விசேஷப் பங்கு என் பெயரில்தான் வரும். இந்தத் தடவை கவரின் மேல் தம்பியின் கையெழுத்தில் "தாரணிக்கு" என்று இருந்தது. வேறு ஒன்றும் எழுதவில்லை.

இன்று எனக்கு விடுமுறை. குழாயில் கஞ்சி ஏற்றி முடித்தோம். வாயால் சாப்பிடக் கூடாது, உதட்டில் ருசி காட்டலாம் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். விரலை நனைத்து, சர்க்கரையைத் தொட்டு, தாரணியின் உதட்டில் வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு நாக்கு மெதுவாக வெளியே வந்தது. உதட்டைத் தடவிவிட்டு உள்ளே போனது. திரும்ப வந்தது.

அவளைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, கோட்டை மாட்டி, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டேன்.

"ஏனுங்க, வெளிய மழைங்க" என்றாள் கலாமணி.

"தெரியும்" என்று குடையை எடுத்துக்கொண்டேன். கதவைத் திறந்து, குனிந்து அவள் காதில், "போலாம் கண்ணு" என்றேன்.